மூடி இல்லாத தண்ணீர் பாட்டில்கள்

அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்கள் மூடி இல்லாமல் நிற்பதை நான் பார்த்தது 2023 ஏப்ரல் மாதம். ஆறு பாட்டிலில் நான்குக்கு மூடி இல்லை. பேச்சுவாக்கில் கேட்டேன். "எங்கிட்டுத்தான் போகுதோ தம்பி, இந்த வீட்டுல எது வச்ச இடத்துல இருக்கு" என்றாள். சின்னவள் விளையாட எடுத்திருப்பாள் என்று இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டு, மச்சான் சவுதியிலிருந்து எப்போது லீவில் வருகிறார் என்ற பேச்சுக்குப் போய்விட்டோம். மூடிகளை எடுத்தவன் என் அக்கா மகன். மாத்திரையைக் கரைக்க.

நான் மருந்துக்கடைக்காரன். டி.பார்ம் படித்துவிட்டு, தென்மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் 18 வருடமாகக் கடை நடத்துகிறேன். வலி மாத்திரையைப் போதைக்கு எடுக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி அல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பைக்கை அணைக்காமலே ஒருவன் இறங்கி வருவான். முதலில் ஒரு காய்ச்சல் மாத்திரை கேட்பான். அப்புறம், "அண்ணே, சுகர் ஊசி ரெண்டு கொடுங்க, அம்மாவுக்கு" என்பான். "அம்மாவுக்கு என்ன இன்சுலின் போடுற?" என்று கேட்டால் முழிப்பான். "சீட்டு கொண்டு வா" என்று விரட்டிவிடுவேன். அப்படி ஒருவனை விரட்டிய நாளில் எனக்கு ராத்திரிச் சோறு நன்றாக இறங்கும். ஊருக்கு நல்லது செய்த நினைப்பு. இந்த நினைப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு அப்போது 20 வயது. பாலிடெக்னிக் கடைசி வருடம். முகூர்த்த நாட்களில் மண்டப வேலைக்குப் போவான். பந்தி பரிமாறுவது, அண்டா தூக்குவது, விடியற்காலையில் நாற்காலிகளை வண்டியில் ஏற்றுவது. ஒரு ராத்திரிக்கு நல்ல கூலி. அங்கேதான் முதுகு வலிக்கிறது என்று உட்கார்ந்தவனிடம் கூட வேலை பார்த்த ஒருவன் ஒரு மாத்திரையைக் கொடுத்திருக்கிறான். "இதப் போடு, விடிய விடிய நிக்கலாம்." அவன் பொய் சொல்லவில்லை. நின்றிருக்கிறான். வலி போனதோடு, மனசுக்குள் ஏதோ ஒரு கதகதப்பு வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான். "யாரோ தலையில எண்ணெய் வச்சு விட்ட மாதிரி இருந்துச்சு மாமா." அந்தச் சுகத்தை முதலில் ஒத்துக்கொள்ளாமல் பையன்களிடம் இதைப் பற்றிப் பேசப் போனால் நம்மைக் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது. ஏழெட்டு மாதத்தில் ஊசிக்குப் போய்விட்டான். மாத்திரை என் கடையிலிருந்து போகவில்லை. நான் அட்டை எண்ணி வைப்பவன் என்று அவனுக்குத் தெரியும். கூரியரில் வந்திருக்கிறது, வேறு மாநிலத்திலிருந்து, செல்போன் கவர் என்ற பெயரில்.

என் கண்ணில் பட்டும் நான் படிக்காமல் விட்டவை பல. அவன் இரண்டு முறை கடைக்கு வந்து மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டான். இஸப்கோல் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, "தண்ணி குடிடா, புரோட்டாவைக் குறை" என்று அறிவுரையும் சொன்னேன். அபினி வகை மருந்து எதை எடுத்தாலும் குடல் மந்தமாகும் என்பது முதல் வருடப் பாடம். 20 வயதுப் பையனுக்கு மாசத்தில் இரண்டு முறை எதற்கு மலச்சிக்கல் என்று ஒரு கேள்வி எனக்கு எழவில்லை. சோற்றில் கை வைத்தபடியே தலை தொங்கும். "ராத்திரி மண்டபத்துல முழிச்சான்ல" என்று அக்கா சொல்வாள். மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பான். மதியானம் மின்சாரம் போய் வீடே இருண்டு கிடக்கும்போதும் அவன் கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருக்கும். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை.

அக்கா ஒன்றும் சும்மா இருக்கவில்லை. தினமும் ராத்திரி அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்ப்பாள். பீடி வாடை இல்லை, சரக்கு வாடை இல்லை, கஞ்சா வாடை இல்லை. நிம்மதியாகத் துவைக்கப் போடுவாள். நாங்கள் வைத்திருந்த அடையாளமெல்லாம் பழையவை. சிவந்த கண், தள்ளாட்டம், நாற்றம். இது எதுவும் இல்லாமல் ஒன்று வீட்டுக்குள் வரும் என்று யாருக்குத் தோன்றும்?

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். பேச்சு வரவில்லை, அலறல்தான் வந்தது. இரண்டு தெருத் தாண்டி ஓடினேன். கூடத்தில் கிடக்கிறான். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை. பக்கத்து வீட்டுக்காரர் அவன் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்து அழுத்திக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் பல்லுக்கு இடையில் கரண்டிக் காம்பை நுழைக்கப் பார்க்கிறார். இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எங்கேயாவது வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது அவ்வளவுதான். தலையில் இடிபடாமல் சாமான்களை நகர்த்திவிட்டு, ஒருக்களிக்க வைத்து, 108க்கு அடிக்க வேண்டும். வாயில் எதையும் விடக் கூடாது. இரும்பு வலிப்பை நிறுத்தாது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். வலிப்பு நோய் குடும்பத்தில் உண்டா என்று கேட்டுக்கொண்டே அவன் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கை மடிப்பில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம், செக்கச்செவேலென்று. மேலே காய்ந்துபோன மஞ்சள் பற்று. வேனல் கட்டி என்று அக்காதான் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டிருக்கிறாள். அதைச் சுற்றி நரம்பு போகும் வழியெல்லாம் கரும்புள்ளிகள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன மாத்திரை சார் போடுறான்?" என்றார். நான் மருந்துக்கடைக்காரன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று ராத்திரி மச்சான் வீடியோ காலில் வந்தார். அக்காவைத் திட்டவில்லை, மகனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "மெடிக்கல் வச்சிருக்க. உனக்குமா தெரியல?"

அவன் எடுத்தது டேபென்டடால். இந்தப் பெயரைச் செய்தித்தாளில் நீங்கள் பார்த்திருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகான கடும் வலிக்கு, டாக்டர் சீட்டின் பேரில் கொடுக்கும் நல்ல மருந்து. மூளையில் அபினி போய் உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் போய் உட்காரும். டிராமடால் என்று இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. அதை 2018இல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்து கெடுபிடி செய்தது. பையன்கள் அடுத்த மாத்திரைக்கு நகர்ந்துகொண்டார்கள். வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையைத் தேடுவது மாதிரி. அளவு கூடினால் வலிப்பு வரலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மூச்சை மந்தமாக்கும். அதனோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு நின்றும் போகும்.

ஊசியில் ஏற்றுவதில் இருக்கும் ஆபத்து வேறு ரகம். இதை நான் சற்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "மருந்துதானே" என்றுதான் பையன்கள் நினைக்கிறார்கள். ஒரு மாத்திரையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் மருந்து கொஞ்சம். மிச்சமெல்லாம் மாவுச்சத்து, மரநார்ப் பொடி, டால்க், மேலே பூச்சு. வடிவம் நிற்கவும் மெஷினில் ஒட்டாமல் வரவும் சேர்ப்பவை. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது, வெளியே போய்விடும். ரத்தக் குழாய்க்கு வெளியே போகும் வழி கிடையாது. துணியில் வடிகட்டினாலும் பஞ்சில் வடிகட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத துகள் தங்கத்தான் செய்யும். அது நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும். ஊசி தப்பித் தமனியில் இறங்கிவிட்டால் விரல்கள் கறுத்து அழுகும். எங்கள் வார்டில் இரண்டு படுக்கை தள்ளி ஒரு பையன் மூன்று விரல்களை இழந்துவிட்டுப் படுத்திருந்தான். தோலில் இருக்கும் கிருமி ஊசியோடு உள்ளே போய் இதய வால்வில் கூடு கட்டினால், வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். காரணம் புரியாத காய்ச்சல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலியோடு ஒரு இளவயதுப் பையன் வந்தால் டாக்டர்கள் கையைப் பார்ப்பது இதனால்தான்.

இது ஏதோ எங்கள் தெருச் சங்கதி இல்லை. மத்திய அரசு எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையத்தை வைத்து நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. அதன்படி அபினி வகைகளைப் பயன்படுத்துவோர் 2.26 கோடிப் பேர். 10 வயதிலிருந்து 75 வரையுள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். ஹெராயின், அபின் எடுப்பவர்களோடு, எங்கள் கடை அலமாரியில் இருக்கும் வகை மாத்திரைகளை எடுப்பவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஊசி போட்டுக்கொள்வோர் 8.5 லட்சம். மது குடிப்பவர்கள் 16 கோடி. அந்த அறிக்கையில் என்னை அதிகம் உறுத்திய எண் வேறு ஒன்று. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு உதவியாவது கிடைத்தவர்கள் 38 பேருக்கு ஒருவர்தான். மற்ற 37 வீடுகளும் எங்கள் வீடு மாதிரி சட்டையை மோந்துகொண்டு இருந்திருக்கும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். மனநலப் பிரிவில் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அந்தச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "பைத்தியக்கார டாக்டர்ட்ட போனான்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" எனக்கும் அதில் சம்மதம்தான். மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால் ரத்தத்திலிருந்து மருந்து இறங்கிவிடும் என்று ஒரு அரைகுறைக் கணக்கு என்னிடம் இருந்தது.

மாடி அறையில் வைத்துப் பூட்டினோம். முதல் நாள் வெறும் கொட்டாவி. ஒரு மணி நேரத்தில் நாற்பது ஐம்பது கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இரண்டாம் நாள் உடம்பு முழுக்கப் புல்லரித்துப் போய்க் கிடந்தான். தொட்டால் உரித்த கோழித் தோல் மாதிரி இருந்தது. வயிற்றுப்போக்கு. கால் உளைச்சல் தாங்காமல் சுவரை உதைத்துக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் ராத்திரி, "மாமா, எலும்புக்குள்ள எறும்பு ஓடுது, ஒண்ணே ஒண்ணு குடுங்க மாமா" என்று என் காலைப் பிடித்தான். அக்கா மிளகு ரசம் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வாய் குடித்து அவ்வளவையும் அவள் மடியிலேயே வாந்தி எடுத்தான். அவனை ஒரு அறை அறைந்தேன். இன்றைக்கும் அந்தக் கை எனக்கு அந்நியமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் இட்லி கேட்டுச் சாப்பிட்டான். ஏழாம் நாள் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கினோம். அவன் அழுதுகொண்டே மனசாரத்தான் சத்தியம் செய்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பதாம் நாள் மறுபடியும் ஊசி. உடம்பு தெளிவது ஒரு வாரக் கதை. மூளை பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். இதை அப்போதே யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் அந்தக் கயிற்றை அவன் தலையில் அவ்வளவு பெரிய பாரமாகக் கட்டியிருக்க மாட்டோம்.

அடுத்தது மறுவாழ்வு மையம். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் பார்த்து நானே போன் போட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு வேனில் நான்கு பேர் வந்து, தூங்கிக்கொண்டிருந்தவனை அமுக்கித் தூக்கிப் போனார்கள். மூன்று மாதத்துக்குப் பணம் முன்கூட்டியே கட்டினோம். முதல் 45 நாள் பார்க்க விடமாட்டோம் என்றார்கள், சரி என்று தலையாட்டினோம். அங்கே டாக்டர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து ரூபாய் மாத்திரைக்கு உற்பத்தித் தேதி பார்க்கச் சொல்லி வாடிக்கையாளருக்குப் பாடம் எடுப்பவன் நான். திரும்பி வந்தவனின் முழங்காலுக்குக் கீழே நீளநீளமாகத் தழும்பு. என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டான். பதினோராம் நாள் மறுபடியும் தொடங்கினான்.

எல்லா மையங்களும் அப்படி என்று சொல்ல மாட்டேன். சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்கு இழந்த பிறகு 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை போன்ற முன்னோடி இடங்களும் இதே தமிழ்நாட்டில்தான் உண்டு. ஆனால் சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற இடமா என்று கேளுங்கள், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலி போட்டுக் கட்டுவதை அந்தச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. குடும்பத்தைப் பார்க்க விடாத இடம், ராத்திரியில் ஆள் தூக்க வேன் அனுப்பும் இடம் என்றால் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் அக்டோபரில் செத்துப்போனான். அவனும் எங்கேயோ இரண்டு மாதம் சுத்தமாக இருந்துவிட்டு வந்தவன். வந்த அன்றைக்கே பழைய அளவை ஏற்றியிருக்கிறான், கூடவே இரண்டு பீர். இடைவெளி விட்ட உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. நேற்று வரை போதாமல் இருந்த அளவு இன்றைக்கு ஆளைக் கொல்லும். கூட இருந்தவர்கள் அவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று நினைத்து மொட்டை மாடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அது தூக்கக் குறட்டை இல்லை. மூச்சு முட்டும் சத்தம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108. என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாலாக்சோன் என்று முறிமருந்து இருக்கிறது, நேரத்தோடு போட்டால் செத்துக்கொண்டிருப்பவன் எழுந்து உட்காருவான். போலீஸ் பயத்தில் அந்தப் பையன்கள் போன் செய்யவில்லை.

அந்த இழவு வீட்டிலிருந்து வந்த ராத்திரி மாப்பிள்ளை தானாகவே என் கடைக்கு வந்து, ஷட்டர் பாதி இறக்கியிருந்த நேரத்தில், கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தான். "மாமா, அந்த டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு இன்னும் இருக்கா?"

அக்கா பீரோவில் வைத்திருந்தாள்.

மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலப் பிரிவு ஓ.பி. முந்தின நாளே ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வந்திருந்தோம். "நாளைக்கு வரும்போது வெறும் உடம்போட வரணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்கு மேல எதையும் எடுத்திருக்கக் கூடாது. எடுத்துட்டு வந்து எங்கிட்ட மறைச்சா, நான் கொடுக்கிற மாத்திரையே உன்னைப் படுத்தி எடுத்துடும்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காலை எட்டு மணிக்கு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். கொட்டாவி ஆரம்பித்தது. மூக்கு ஒழுகியது. நான் கைக்குட்டையைக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், யார் எவரென்று தெரியாது, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் மடியில் போட்டார். கால் ஆடுவதைப் பார்த்து யாரும் நகர்ந்து உட்காரவில்லை. பத்தேமுக்காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார், கையைத் தடவி மயிர்க்கூச்சம் பார்த்தார். நர்ஸ் அவன் நாக்கின் அடியில் ஒரு மாத்திரையை வைத்து, விழுங்காதே என்று சொல்லி எதிரிலேயே நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து அவன் கால் ஆடுவது நின்றது. "மாமா, டீ குடிக்கலாமா?" என்றான்.

அந்த மாத்திரை புப்ரினார்ஃபின். அதுவும் அபினி வகைதான். அக்கா சண்டைக்கே போய்விட்டாள். "ஒரு போதைய விட இன்னொரு போதையா? இதுக்கு அவன் பழசையே போட்டிருக்கலாமே." டாக்டர் கோபப்படவில்லை. "சுகர் வந்தா இன்சுலின் வருஷக்கணக்குல போடுறீங்கல்லம்மா. இது மெதுவா வேலை செய்யும், மெதுவா இறங்கும். ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல. அவன் ஊசியைத் தேடி ஓடாம வேலைக்குப் போவான். அந்த நேரத்துலதான் நாம மத்ததையெல்லாம் சரிபண்ண முடியும்." இது அரசு மருத்துவமனையில் இலவசம். ஊசி போடுபவர்களுக்கென்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சில இடங்களில் இந்தச் சிகிச்சை மையங்களை நடத்துகிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446க்குப் போன் செய்யலாம், தேசிய போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை. மனம் உடைந்து பேச ஆள் வேண்டுமென்றால் 14416. இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரிலும் மீட்பு மையங்கள் வந்திருக்கின்றன.

போலீஸ் பயம் பற்றி ஒரு வார்த்தை. சிகிச்சைக்குப் போனால் டாக்டர் பிடித்துக் கொடுத்துவிடுவார் என்று பாதிப் பேர் வீட்டிலேயே கிடக்கிறார்கள். எங்களிடம் யாரும் கேஸ் பற்றிப் பேசவில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருள் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கியவர்கூட, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து முழுமையாகச் சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க அது வழி செய்கிறது.

இரண்டாவது வாரம் ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி. இல்லை. ஹெபடைட்டிஸ் பி இல்லை. ஹெபடைட்டிஸ் சி இருந்தது. கல்லீரலைச் சத்தமில்லாமல் அரிக்கும் வைரஸ், பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகத்தான் பரவும். நல்லவேளையாக இன்றைக்கு இதற்கு மாத்திரை இருக்கிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 12 வாரம் இலவசமாகக் கொடுத்தார்கள். முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் வைரஸ் இல்லை.

எப்படி வந்தது என்று நான் அவனிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. "ஊசி கிடைக்காது மாமா. நம்ம ஊர்ல எந்தக் கடையிலயும் தர மாட்டாங்க. ஒருத்தன்ட்ட ஒண்ணு இருக்கும், மூணு பேர் போட்டுக்குவோம். முனை மழுங்கிச்சுன்னா தீப்பெட்டிப் பக்கத்துல தேய்ச்சுக்குவோம்."

எந்தக் கடையிலும் தர மாட்டார்கள். தரக் கூடாது என்று எங்கள் வியாபாரிகள் கூட்டத்தில் எழுந்து பேசியவனே நான்தான். கைதட்டினார்கள். நான் விரட்டிய ஒரு பையன்கூட அன்றைக்கு ஊசி போடாமல் வீட்டுக்குப் போயிருக்க மாட்டான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வலி மாத்திரையைச் சீட்டு இல்லாமல் கொடுக்காததில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து கிடையாது. அது சட்டம், அது நியாயம். ஊசி விஷயம் வேறு. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசே தொண்டு நிறுவனங்கள் மூலம் இவர்களுக்குப் புது ஊசி கொடுத்து, பழையதை வாங்கிக்கொள்கிறது. அது போதையை வளர்ப்பதற்கு இல்லை, கிருமியை நிறுத்த. நாங்கள் கூட்டத்தில் யாரும் இதைப் பேசவில்லை.

வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டவை சிறிய விஷயங்கள். அவன் கூலி அவன் சம்மதத்தோடே அக்கா கணக்குக்குப் போனது. மண்டப வேலை நின்றது. பழைய எண்களோடு இருந்த சிம்மை அவனே உடைத்துப் போட்டான். "எடுத்தியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு "தூங்கினியா?" என்று கேட்கச் சொன்னார் கவுன்சலர். கேட்கப் பழக அக்காவுக்கு இரண்டு மாதம் ஆனது. சட்டையை மோந்து பார்ப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

2024 தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு முறை சறுக்கினான். அவனே வந்து சொன்னான். பழைய நானாக இருந்தால் கை நீண்டிருக்கும். மறுநாள் பண்டிகை என்று ஓ.பி. இல்லை. ஓ.பி. திறந்ததும் கூட்டிப் போனோம். "வந்துட்டான்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டினார். இப்போது மறுபடியும் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் வேலை கற்றுக்கொள்கிறான். பாலிடெக்னிக்கில் இரண்டு அரியர் பாக்கி.

என் கடைக்கு இன்னும் சாயங்கால பைக்குகள் வருகின்றன. வலி மாத்திரை கேட்டால் முன்பு போலவே கிடையாது என்றுதான் சொல்கிறேன். குரல் மட்டும் பழைய குரல் இல்லை. கவுன்டரில் ஒரு கட்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். மருத்துவமனை ஓ.பி. நாள், அறை எண், 14446, புது ஊசி கொடுக்கும் தொண்டு நிறுவனம் இருக்கும் தெரு. மாத்திரை கேட்பவன், ஊசி கேட்பவன் எல்லோருக்கும் மிச்சச் சில்லறையோடு ஒன்று கொடுத்துவிடுவேன். மாப்பிள்ளைதான் எழுதி ஜெராக்ஸ் போட்டுத் தந்தான். கடைசி வரி நான் சொல்லாதது, அவனாகச் சேர்த்தது: "காலையில் எட்டு மணிக்கே போகவும். துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளவும்."

50 சீட்டு போட்டோம். 31 போயிருக்கிறது. பாதி கடை வாசலிலேயே கசங்கிக் கிடக்கும், பெருக்கித் தள்ளுவேன். இரண்டு பேரை மட்டும் அந்த பெஞ்சில் பார்த்ததாக மாப்பிள்ளை சொன்னான். ஒருவனிடம் துண்டு இருந்ததாம்.